புயலைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டைத் தாண்டிச் சிறிது நேரத்தில் கீழ்புத்துப்பட்டு வந்துவிடும். மஞ்சனீஸ்வரர் அய்யனார் இங்கே பூரணி, புஷ்கலையோடு குடியிருக்கிறார். புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அவர்தான் குலதெய்வம். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. கிழக்கே மீனவர் குப்பங்கள். வடக்கே மரக்காணம் உப்பளங்கள். நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர், போரில் வீடு வாசலை விட்டு ஓடி வந்தவர், கட்டுமரமும் படகும் ஏறுகிறவர், உப்பு வாருகிறவர் ஆகிய எல்லோருக்கும் கடவுளைப் பற்றிக் கேட்கச் சொந்தக் காரணம் இருக்கிறது. இவர்களுக்கு அது பட்டிமன்றத் தலைப்பு அல்ல.

இந்தக் கரையைக் கடல் சும்மா விடுவதும் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல். அப்போது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்ததும் இரண்டு பேச்சுகள் கிளம்பும். "சாமி புண்ணியத்துல தப்பிச்சோம்" என்பது ஒன்று. "சாமின்னு ஒண்ணு இருந்தா இப்படி நடக்குமா?" என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர்ப் பேச்சுகள்போலத் தெரியும். உண்மையில் இரண்டு தரப்பும் ஒரே சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றுகின்றன: புயலை. அந்தச் சாட்சியை நம்பி ஆத்திகர் எழுப்பும் வாதமும் நிற்காது, நாத்திகர் எழுப்பும் வாதமும் நிற்காது. அது வெறும் தர்க்கப் பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். அடுத்த புயலில் அதற்கு விலையாகப் போவது உயிர்கள் என்பதால்தான் இந்த எச்சரிக்கை.

தப்பியவர் எழுதும் கணக்கு

விருத்தாசலம் அருகே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே குறையை ஒரு தாளில் மனுவாக எழுதிப் பிராது கட்டுவார்கள். திருட்டுப் போன நகை, தீராத நோய், திரும்பி வராத கடன் எதுவானாலும் எழுதலாம். காரியம் முடிந்ததும் மறுபடி வந்து, "பிராதைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். முறை தெளிவானது. ஆனால் நிறைவேறியவர்தான் ராஜினாமா எழுத வருவார். நகை கிடைக்காதவர் எதை எழுதித் தர மறுபடி பஸ் ஏறுவார்? ராஜினாமாக்களை மட்டும் எண்ணிப் பார்க்கிறவருக்குத் தெய்வம் ஒருமுறைகூடத் தவறியதாகத் தெரியாது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. கிரேக்க நாட்டில் தியாகோரஸ் என்ற நாத்திகர் இருந்தார். கடலில் சிக்கி, வேண்டிக்கொண்டு, கரை சேர்ந்தவர்கள் கோயிலில் காணிக்கையாக வைத்திருந்த ஓவியங்களை ஒரு நண்பர் அவருக்குக் காட்டி, தெய்வம் இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டாராம். கடலில் மூழ்கியவர்களின் ஓவியங்கள் எங்கேயும் மாட்டப்படவில்லையே என்பதுதான் தியாகோரஸ் சொன்ன பதிலின் சாரம். ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ, தெய்வங்களின் இயல்பு பற்றிய தமது நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்விக்கு வயதாகவில்லை.

வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் முழுக்க யாத்ரீகர்கள். பேராலயத்துக்குள் கடல் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பேராலயம் கரையிலிருந்து தள்ளி, சற்றே மேடான இடத்தில் இருக்கிறது. பிழைத்தவர் மாதாவுக்கு நன்றி சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது; அது மனித இயல்பு. ஆனால் "உள்ளே இருந்தவர்களை மாதா காப்பாற்றினார்" என்று பொது விதியாகச் சொன்னால், அதே மாதாவைப் பார்க்க வந்து கரையில் செத்தவரின் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? அவர்களுடைய வேண்டுதலில் என்ன குறை கண்டீர்கள்?

முதல் எச்சரிக்கை இதுதான். தப்பியதைச் சான்றாக வைத்துக் கட்டிய பக்தி, தப்பாத நாளில் தாங்காது. அதுவரைக்கும்கூட அது பக்கத்து வீட்டுச் சாவின் மேல்தான் நிற்கிறது.

மானியும் வேண்டுதலும்

மனிதர் ஏன் தெய்வத்தை நாடுகிறார் என்பதற்கு மரக்காணத்து உப்புப் பாத்தியே நல்ல பாடம். உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். நீர் எவ்வளவு கனத்திருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி மானி உண்டு. 'போமே' என்ற கணக்கில் கடல்நீர் 3 டிகிரி சொச்சம் காட்டும். 25 டிகிரியைத் தொட்டால் உப்பு பூக்கத் தொடங்கும். 30-ஐ நெருங்க விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும்; அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். இதற்கெல்லாம் யாரும் வேண்டிக்கொள்வதில்லை. மானி சொல்கிறது, கை செய்கிறது. ஆனால் வாரிக் குவித்த உப்பை ஒரு ராத்திரி கோடை மழை கரைத்துக்கொண்டு போகும். அதை எந்த மானியும் சொல்லாது. கை கூப்புவது அங்கேதான் தொடங்குகிறது.

1915-க்கும் 1918-க்கும் இடையே, இன்றைய பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதையே வேறு கடலில் கண்டார். கரைக்குள் அடங்கிய காயலில் மீன் பிடிக்கும்போது அம்மக்கள் மந்திரச் சடங்கு எதையும் செய்யவில்லை. அங்கே ஆபத்தும் இல்லை, மீன் நிச்சயம் கிடைக்கும். திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள் நடந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர் பென்ட்சென் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, உலகின் பல பகுதிகளில் நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்களின் மதப் பற்று கூடியதைக் காட்டியது. நிலநடுக்கம் வழக்கமில்லாத ஊரில் வந்தபோது அந்த ஏற்றம் இன்னும் அதிகம். எதிர்பாராமல் வருவதுதான் மனிதரைத் தெய்வத்தின் பக்கம் தள்ளுகிறது.

இதைப் படித்ததும் சில பகுத்தறிவாளர்கள் துள்ளி எழுவார்கள்: "பார்த்தீர்களா, பயத்தில் பிறந்ததுதான் பக்தி!" பொறுங்கள். ஒரு நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பது வேறு, அது மெய்யா பொய்யா என்பது வேறு. பயந்து ஓடியவன் கண்ட பாம்பு கயிறாகவும் இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். அவன் பயத்தை அளந்து அதைத் தீர்மானிக்க முடியாது. மாலினோவ்ஸ்கியும் பென்ட்செனும் மனிதரைப் பற்றிச் சொன்னார்கள். கடவுளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தண்டனை" என்று சொன்னவர்கள்

பேரிடரைத் தெய்வத்தின் தண்டனையாகப் படிப்பது இன்னும் ஆபத்தான பழக்கம். சிறியவர்கள் மட்டும் அல்ல, மிகப் பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள்.

1934 ஜனவரி 15-ல் பிகாரை நிலநடுக்கம் உலுக்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24-ல் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கிடைத்த தெய்வ தண்டனையே அந்த நிலநடுக்கம் என்றார். தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியோடு நின்ற தாகூரே இதைக் கடுமையாக மறுத்தார். இயற்கைப் பேரழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும். அறத்தோடு அதை முடிச்சுப் போட்டால், நாளை நம் எதிராளியும் அதே முடிச்சைத் தமக்குச் சாதகமாகப் போடுவார் என்பது அவர் வாதத்தின் மையம். அந்த மறுப்பை காந்தி தமது 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, தம் பதிலையும் எழுதினார். கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

தாகூர் அஞ்சியதுதான் பிறகு நடந்தது. சுனாமி வந்தபோது, முந்தைய மாதம் காஞ்சி மடாதிபதி கைதானதற்கான தண்டனை அது என்று பேசியவர்கள் உண்டு. நாகப்பட்டினத்து மீனவர் குழந்தைக்கும் அந்தக் கைதுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் யோசிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, சபரிமலைக்குப் பெண்கள் போகலாமா என்ற வழக்கோடு வெள்ளத்தை இணைத்தவர்கள் உண்டு. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே செப்டம்பர் 28-ல்தான். குற்றம் நடப்பதற்கு முன்பே தண்டனை வந்துவிட்டது!

தண்டனைப் பேச்சின் உச்சத்தைக் காண 1755-ம் ஆண்டு லிஸ்பனுக்குப் போக வேண்டும். நவம்பர் 1, எல்லாப் புனிதர்கள் திருநாள். காலை வழிபாட்டில் தேவாலயங்கள் நிரம்பியிருந்தபோது நிலம் அதிர்ந்தது. அதன் பிறகு மலக்ரிடா என்ற சேசு சபைப் பாதிரியார், இயற்கைக் காரணம் என்பதெல்லாம் பொய், மக்களின் பாவமே காரணம் என்று சிறுநூல் எழுதினார். இடிந்த நகரைக் கட்டி எழுப்ப முனைந்த அமைச்சர் பொம்பாலுக்கு அது இடையூறாக இருந்தது. பாதிரியாரை ஊரைவிட்டு அனுப்பினார். பின்னால் 1761-ல், மத விசாரணை மன்றம் அந்தப் பாதிரியாருக்கே மரண தண்டனை விதித்தது. அதே நிலநடுக்கத்தை வைத்து, உலகம் நல்ல கடவுளின் திட்டப்படி நடக்கிறது என்ற தத்துவத்தை வால்டேர் கிழித்தெடுத்தார். ஒரே நிலநடுக்கத்தை இருவரும் இரண்டு பக்கம் சாட்சிக்கு இழுத்தார்கள்.

மறுப்பவர்களுக்கும் ஒரு சொல்

கடவுளை மறுக்கும் தோழர்கள் இதுவரை தலையாட்டி இருந்தால், இனிமேல்தான் அவர்களுக்கான பகுதி.

2011 பிப்ரவரி 22-ல் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டு 185 பேர் இறந்தார்கள். நல்வாய்ப்பாக, அதற்கு முன்பிருந்தே அந்நாட்டு மக்களின் மனப்போக்கை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு ஒன்று இருந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் மதப் பற்று குறைந்துகொண்டிருந்தபோது, பாதிக்கப்பட்டவர்களிடம் அது கூடியிருந்தது. புதிதாக மதத்துக்கு வந்தவர்களின் உடல்நல உணர்வு அதனால் மேம்பட்டுவிடவில்லை. ஆனால் அந்தப் பேரிடரில் நம்பிக்கையை இழந்தவர்கள், தங்கள் உடல்நலம் சரிந்துவிட்டதாக உணர்ந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் முன்னால் போய், "இப்போதாவது தெரிகிறதா, உன் சாமி கல் என்று?" எனக் கேட்பது பகுத்தறிவு அல்ல. அது எழவு வீட்டில் நடத்தும் ஆள்பிடிப்பு. நிவாரணப் பொட்டலத்தோடு மதத்தை விற்கிறவரைக் கண்டிக்கும் தகுதி, அதன் பிறகு உங்களுக்கு இருக்காது.

தமிழ்நாட்டு நாத்திகத்தின் வேரும் புயலில் இல்லை. 1904-ல் காசியில், பிராமணர் அல்லாதவர் என்பதால் சத்திரத்துப் பந்தியில் பெரியார் ஈ.வெ.ரா.வுக்குச் சோறு மறுக்கப்பட்டு, எச்சில் இலையில் உண்ண நேர்ந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சென்னையின் மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர், 'குடி அரசு' இதழில் கடவுள் கொள்கையை அறிவியல் கொண்டு ஆராய்ந்தார். பெரியாரின் கேள்வி பந்தியில் பிறந்தது. சிங்காரவேலரின் கேள்வி படிப்பில் பிறந்தது. மறுபக்கம் வள்ளலாரைப் பாருங்கள். 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவருடைய ஆன்மிகம், பசித்தவன் வயிற்றைக் கேட்டது. கடவுளை ஏற்கவும் மறுக்கவும் இவர்கள் கொண்ட காரணங்கள், ஒரு நாள் வானிலையோடு மாறிப்போகிறவை அல்ல.

சுனாமிக்குப் பிறகு உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அந்தப் பந்திக் கேள்விதான். நாகப்பட்டினம் மாவட்டத்து நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும், உதவிப் பட்டியல்களில் அவர்கள் விடுபட்டதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. அலை எவரிடமும் சாதி கேட்கவில்லை. அரிசி மூட்டையோடு வந்தவர்கள் கேட்டார்கள். கடவுள் இருக்கிறாரா என்று ஊரே விவாதித்துக்கொண்டிருந்தால், இவர்களை யார் விசாரிப்பது?

ஒரே அலை, இரண்டு முடிவுகள்

கீழ்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 2004-ன் அதே அலை, இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தையும் இலங்கையின் வடக்கு, கிழக்கு, தெற்குக் கரைகளையும் அடித்தது. இரண்டு இடத்திலும் நீண்டகால உள்நாட்டுச் சண்டை அப்போது தீராமல் இருந்தது. அச்சேயில் 2005 ஆகஸ்ட் 15-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி, முப்பது ஆண்டுச் சண்டை முடிந்தது. இலங்கையில் நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட, அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24-ல் ஒரு பொதுக் கட்டமைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதமே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்திவைத்தது. 2006-ல் போர் மறுபடி மூண்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போய் முடிந்தது.

அச்சேயில் அலையைச் சமாதானத்துக்கான தெய்வ உத்தரவாகச் சொல்லிவிடலாம். அப்படியானால் இலங்கையில் அதே அலை எதற்கான உத்தரவு? அலைக்கு எந்தச் செய்தியும் கிடையாது. அதன் பிறகு மனிதர் செய்ததும் செய்யத் தவறியதும்தான் வரலாறு.

எது காப்பாற்றியது?

சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. தமிழ்நாட்டுக் கரையை அலை தொட்டபோது 8.30 தாண்டிவிட்டது. நடுவில் இரண்டு மணி நேரம். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் இறந்தார்கள். ஹைதராபாத்தில் நமக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் குலுங்கியபோது சில நிமிடங்களிலேயே தகவல் வந்துவிட்டது. கரையோர மக்கள் விலகிப் போனார்கள்.

ஒடிசாவின் கணக்கு இன்னும் துலக்கமானது. 1999 பெரும்புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013-ல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேருக்கு அருகில் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 2019-ல் ஃபானி, ஜகந்நாதர் குடிகொண்ட புரியிலேயே கரையேறியது. பன்னிரண்டு லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டதால் சாவு இரட்டை இலக்கத்தோடு நின்றது. இந்த இருபது ஆண்டுகளில் ஜகந்நாதரும் மாறவில்லை, பக்தர்களும் மாறவில்லை. புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன. அவற்றுக்கு மக்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருந்தார்கள்.

2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமலூ தீவில் சுமார் 78 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2004-ல் அங்கே இறந்தவர்கள் ஏழே பேர். 1907-ல் அந்தத் தீவை ஒரு சுனாமி அழித்திருந்தது. நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்ற பாடத்தைப் பாட்டிகள் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். அவர்கள் இறைப்பற்றுள்ள முஸ்லிம்கள். தொழுவதும் ஓடுவதும் ஒன்றுக்கொன்று தடை என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பு

வடகிழக்குப் பருவமழை எந்த வருடமும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதனால் மரக்காணம் கரையில் இருப்பவர்கள் அது வருவதற்குள் சில வேலைகளை முடித்துவிட வேண்டும். உங்கள் குப்பத்துக்கான புயல் காப்பகம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கழிப்பறையும் தண்ணீரும் உண்டா என்பதை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், முகாம் அடையாள அட்டை எல்லாவற்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டுவையுங்கள். தனியாக இருக்கும் முதியவரை யார் அழைத்துப் போவது என்று தெருவாரியாகப் பேசி முடியுங்கள். கோயில் நிர்வாகிகளும் தேவாலயத்தாரும் பள்ளிவாசல் ஜமாத்தாரும் ஒலிபெருக்கியை எச்சரிக்கை சொல்லத் தர முன்வரட்டும். பகுத்தறிவு மன்றத்தார் சாமி கல்லா இல்லையா என்பதை விட்டு, நிவாரணப் பட்டியலில் இருளர் குடிசையும் முகாம் வீடும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கும்பிடுவது உங்கள் உரிமை, மறுப்பதும் உங்கள் உரிமை. மனசாட்சிச் சுதந்திரம் என்ற பெயரில் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு இரண்டையும் காக்கிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டது என்று காதில் விழுந்தால் முதலில் காப்பகத்துக்குக் கிளம்புங்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தை அங்கே போய் உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாம். அதை முடித்துவைக்க இரண்டு தரப்பிலும் ஆள் மிஞ்ச வேண்டும்.